பி.பி. நம்பர் காலத்துச் சொந்தங்கள்

‘பூமர் அங்கிள்’ என்றே எல்லாரும் கிண்டல் செய்வதால் ஆன்ட்டிகளை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, அதனால் நானே வந்து ஆஜராகிறேன். 1956-ல் பிறந்தவள். 77-ல் மதுரையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்து, 2000 அக்டோபரில் இலாகா பி.எஸ்.என்.எல். ஆன பிறகும் அங்கேயே இருந்து ரிட்டையர் ஆனேன்.

அந்தக் காலத்து நட்பு, சொந்தம் மாதிரி இனி வருமா என்று நம் வயசுக்காரர்கள் பேசும்போதெல்லாம் எனக்குப் பாதிதான் சம்மதம். ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் ஓடினது பாசத்தால் மட்டும் இல்லை, பல நேரம் வேறு வழியே கிடையாது.

பி.பி. நம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். போனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் பெரிது. கல்யாணப் பத்திரிகையிலும் கடை லெட்டர் பேடிலும் அந்த வீட்டு நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று அச்சடிப்பார்கள். எங்கள் தெருவில் அது ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீடு. ஹாலில் ஸ்டூல் மேல் போன், அதற்குப் பூ வேலை செய்த துணி, டயல் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டு, பக்கத்தில் காசு போட உண்டியல். (பூட்டைத் திறக்காமலே, ரிசீவர் வைக்கிற இடத்துக் கட்டையைத் தட்டித் தட்டி நம்பர் போடத் தெரிந்த பையன்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள். அந்த வீட்டம்மாவுக்குக் கடைசி வரை அது தெரியாது.) நமக்குப் போன் வந்தால் ஆள் அனுப்புவார், ஈரக் கையோடு ஓடுவோம். நாம் பேசுவதை ஹாலில் இருக்கிற அத்தனை பேரும் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

என் தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் வேண்டாம் என்று சொன்னது, என் அப்பாவுக்கு முன்னால் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். தெரு முழுக்கப் பரவியதும் அவர் வாயால்தான். அதே அம்மாதான் அடுத்த மாதமே கடைக்குச் சரக்குப் போடும் வியாபாரி வீட்டு வரனைக் கொண்டுவந்து நிறுத்தினார், தங்கை இன்றைக்கும் அந்த வீட்டில் நன்றாக இருக்கிறாள். ஒட்டுக் கேட்டதைத் தனியாக, உதவியதைத் தனியாகப் பிரித்து வைக்க என்னால் முடியவில்லை.

எக்ஸ்சேஞ்ச் கதை வேறு. எங்களிடம் புக் செய்து பேசுகிற வெளியூர் போன்தான் ட்ரங்க் கால். அதில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று தினுசு. லைட்னிங் என்றால் எட்டு மடங்கு காசு, அதைக் கேட்டு புக் செய்கிறார்கள் என்றால் ஒன்று பெரிய வியாபாரம், இல்லை சாவு. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நடுவில் நாங்கள் காது கொடுத்தாக வேண்டும். ‘அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலை, நீ கிளம்பி வா’ என்பார்கள். எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும், மறுமுனையில் இருப்பவருக்கும் புரிந்துவிடும், ஆனாலும் ‘என்ன மருந்து கொடுக்கிறாங்க?’ என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து ‘மூணு நிமிஷம் ஆச்சு சார்’ என்று நுழைய வேண்டியது எங்கள் வேலை.

லைன்களை இணைத்துக் கொடுக்கிற அந்த போர்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த நாலைந்து பேர்தான் இன்று வரை என் சிநேகிதிகள். என் மூத்த பிள்ளைக்கு டைபாய்டு வந்தபோது எனக்காக மாற்றி மாற்றி நைட் டியூட்டி பார்த்தார்கள். ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்கு நேராக டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்து, மூலைக்கு மூலை பூத் வந்து, போர்டையே கழற்றி எடுத்துப் போன பிறகும் நாங்கள் விடவில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் தினமும் ரோஜாப்பூவும் முருகனும் அனுப்பிக்கொள்கிறோம், யாரும் யாருக்கும் பதில் போடுவதில்லை, ஆனால் ஒருத்தி ரெண்டு நாள் பூ அனுப்பாவிட்டால் உடனே போன் போய்விடும்.

மகள் டெக்ஸஸில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் வீடியோவில் வருவாள், காசும் கிடையாது, மூன்று நிமிஷக் கணக்கும் கிடையாது. பத்து நிமிஷத்தில் ‘அப்புறம்?’, ‘அப்புறம் வேறென்ன?’ என்று ஆகிவிடும். அதில் குறை ஒன்றும் இல்லை, அவள் முகத்தைப் பார்த்தால் போதும் எனக்கு.

———

அக்கா, நான் தூத்துக்குடிப் பக்கம், 62-ல் பிறந்தவன். நீங்கள் போன் வீட்டைச் சொன்னதும் எனக்கு டி.வி. வீடு ஞாபகம் வந்தது. சென்னையில் 1975-லேயே தூர்தர்ஷன் வந்துவிட்டாலும் எங்களுக்கு எட்டவில்லை. 82-ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, நீளக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, ‘தெரியுதா? இப்ப தெரியுதா?’ என்று மாடியிலிருந்து கத்தித்தான் படம் பார்த்தோம். ஊரே ஒரு வீட்டில் கூடினது என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். கூடியது உண்மைதான். ஆனால் யார் ஹாலில் பாயில் உட்காரலாம், யார் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். நான் ஜன்னல் பக்கம். என் மகனிடம் அந்த டி.வி. கதையைச் சொல்லும்போது ஜன்னலையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

———

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. எங்கள் போன் வீட்டிலும் அது உண்டு. பின் தெருக்காரர்களுக்கு பம்பாயிலிருந்து பிள்ளை ட்ரங்க் கால் போட்டால், அந்த அம்மா ஆள் அனுப்ப மாட்டார், ‘அவங்க ஊர்ல இல்லை’ என்று சொல்லி வைத்துவிடுவார். டியூட்டியில் நான் லைனில் இருந்தபோதே அப்படி நடந்திருக்கிறது. ஆள் ஊரில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும், காலையில்தான் குழாயடியில் பார்த்திருப்பேன். ஆனாலும் பம்பாய் ஆபரேட்டரிடம் ‘ஆள் இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் பின் தெருவுக்குள் நுழைந்து, உங்க பையன் கூப்பிட்டான் என்று சொல்லிவிட்டுப் போவேன். அது அந்த அம்மாவுக்குத் தெரிந்து, கொஞ்ச நாள் எங்கள் வீட்டுக்கு வந்த போனுக்கும் ஆள் அனுப்பவில்லை.