டப்பாவுக்குச் சிக்கன் சாலட் ரோல்: சப்பாத்தி ஊறிப்போகுது

கேள்வி: காலை 7 மணிக்குச் சுருட்டி வெச்சா மதியம் 12.30க்கு சப்பாத்தி சொதசொதன்னு ஆகி அடியில கிழியுது. வேகவெச்ச சிக்கன் 250 கிராம், மயோனைஸ் 4 மேசைக்கரண்டி, வெள்ளரி, தக்காளி, வெங்காயம். எங்க தப்பு?

பதில் 1: தக்காளியும் வெள்ளரியும்தான் தண்ணி விடுது. தக்காளியை விட்டுடுங்க, ரோலுக்கு அது வேண்டாத வேலை. வெள்ளரியில விதையை வழிச்சுட்டு, பொடியா நறுக்கி, கால் டீஸ்பூன் உப்பு பிசிறி 10 நிமிஷம் கழிச்சு ஒட்டப் பிழியுங்க. கலவைக்கு அந்த உப்பே போதும். சிக்கன் நல்லா ஆறணும். சூட்டோட கலந்தா மயோனைஸ் எண்ணெயா பிரிஞ்சிடும்.

பதில் 2: மயோனைஸ்ல பாதியைக் குறைச்சு, துணியில கட்டி நீர் வடிச்ச தயிர் 2 மேசைக்கரண்டி சேருங்க. மாவை வெந்நீர்ல பிசைங்க, மதியம் வரை விறைக்காது. ஆறின சப்பாத்தி மேல முதல்ல லெட்யூஸ் இலை, அப்புறம் கலவை. அடியை 2 விரல் மடிச்சுச் சுருட்டி, பட்டர் பேப்பர்ல இறுக்கிச் சுத்துங்க.

பதில் 3: ஊறுறதை விட கெடுறதுதான் பெரிய கவலை. மயோனைஸ் போட்ட சிக்கன் வெளியில 2 மணி நேரம்தான் தாங்கும், கோடையில அதுகூட இல்ல. ஆபீஸ்ல ஃபிரிட்ஜ் இல்லேன்னா ஐஸ் பேக் வெச்ச பைதான்.

கேட்டவர்: உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கேன், இப்பதான் புரியுது. ஐஸ் பேக் வாங்கிடறேன்.