அக்டோபரில் வேல்ஸா, ஸ்காட்லாந்தா? மலைச் சைக்கிளுக்கு எந்த ரெட் ட்ரெயில் நல்லது?

கேள்வி: நான்கு நாள் கையில் இருக்கிறது. முன்னும் பின்னும் 140 மி.மீ. அமுங்கும் ஃபுல் சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள். ரெட் கிரேடு (கடினமான பாதை) தாராளமாக ஓட்டுவோம். வேல்ஸின் கோய்ட் எ பிரெனினா, ஸ்காட்லாந்தின் கிளென்ட்ரெஸ்ஸா?

பதில் 1: மழைக்காலம் என்றால் கோய்ட் எ பிரெனின்தான். கல் பாவிய பாதை, சேறு வண்டியை இழுக்காது. ஈரக் கல்லைவிட ஈர வேர்தான் ஆளைக் கவிழ்க்கும். வேரை நேர்க்குறுக்காகத் தாண்டுங்கள், அதன்மேல் பிரேக்கைத் தொடவே கூடாது. 75 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தம் முன்னே 22, பின்னே 25 பிஎஸ்ஐ. இன்னும் குறைத்தால் கூர்கல் ரிம்மை நசுக்கிவிடும்.

பதில் 2: கிளென்ட்ரெஸ்ஸை ஒதுக்காதீங்க. ஏற்றம் நீளம்தான், ஆனா ஸ்பூக்கி வுட் இறக்கம் அதுக்கு ஈடு. இன்னொண்ணு: ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போட ஓட்டினா மலைப்பாதைகளிலும் போகலாம். வேல்ஸில் ஃபுட்பாத்தில் (நடந்து போறவங்களுக்கான பாதை) சைக்கிளுக்கு உரிமை கிடையாது, பிரிடில்வே (குதிரையும் சைக்கிளும் போகலாம்) பார்த்துத்தான் போகணும்.

பதில் 3: எங்கே போனாலும் சின்டர்டு (உலோகத்தூளை இறுக்கிச் செய்த) பிரேக் பேட் மாட்டுங்க. மணல் கலந்த ஈரத்தில் ரெசின் பேட் ஒரே நாளில்கூடத் தேய்ந்துபோகும், அப்புறம் பேடின் இரும்புத் தகடு ரோட்டரை (பிரேக் வட்டு) அரிக்கும். உபரியா ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மெர்தர் டிட்ஃபில் பக்கம் பைக்பார்க் வேல்ஸையும் சேர்த்தால், அப்லிஃப்ட் வேனுக்கு (சைக்கிளோட மேலே ஏற்றிவிடும் வண்டி) முன்பதிவு இப்பவே போடுங்க.