எம்ப்ரஸ் கப்பல் எத்தனை கை மாறிச்சு: எங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவுல ஓடினது

ரேவதி அண்ணி: கார்டிலியா கம்பெனியோட எம்ப்ரஸ் சொகுசு கப்பல்ல ஒரு ட்ரிப் போலாமான்னு கேட்டா உங்கண்ணன் அது 1990ல கட்டினதுன்னு பயமுறுத்துறாரு. சுந்தர் சித்தப்பா நிஜமாவா

கார்த்தி: அண்ணி கப்பல் உங்க செட்டுதான் போல 😂

ரேவதி அண்ணி: டேய்

சுந்தர் சித்தப்பா: 1990 சரிதாம்மா. பிரான்ஸ்ல சாந் நசேர் யார்டுல கட்டினது. கட்ட ஆரம்பிச்சப்ப ஃபியூச்சர் சீஸ்னு பேரு, அட்மிரல் க்ரூஸஸ்னு ஒரு கம்பெனிக்காக, அத ராயல் கரீபியன்ல சேத்துட்டதால நார்டிக் எம்ப்ரஸ்னு கடல்ல இறக்கினாங்க, 2004ல எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ், 2008ல அதே குரூப்போட ஸ்பெயின் கம்பெனி புல்மந்தூருக்கு போய் வெறும் எம்ப்ரஸ், 2016ல திரும்ப ராயல் கரீபியனுக்கே வந்து மறுபடியும் எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ். 2020 டிசம்பர்ல வித்தே விட்டாங்க. 2021ல பம்பாய்லேர்ந்து கார்டிலியா

கார்த்தி: கொரோனாதான் காரணமா

சுந்தர் சித்தப்பா: அதுக்கு முன்னாடியே அடி. 2017லேர்ந்து கியூபா ஹவானாவுக்கு விட்டாங்க, அந்த துறைமுகத்துக்கு இப்ப வர்ற ராட்சச கப்பலெல்லாம் சரிப்படாது, 48,000 டன் சொச்சம்ங்கறதால இது வசதி. 2019 ஜூன்ல ட்ரம்ப் அரசாங்கம் ஒரே நாள் நோட்டீஸ்ல கியூபாவுக்கு சுற்றுலா கப்பலே போகக்கூடாதுன்னுடுச்சு. அடுத்த வருஷம் கொரோனா, ஆச்சு

சுந்தர் சித்தப்பா: ஆனா முதலாளி மாறின அளவுக்கு அதோட வேலை மாறல பாருங்க, எனக்கு அதான் பிடிச்சது. மியாமிலேர்ந்து பஹாமாஸுக்கு மூணு ராத்திரி நாலு ராத்திரி போய்ட்டு வரத்தான் கட்டினாங்க. ரூம் சின்னதா இருக்கறது அதனாலதான், மூணு நாளைக்கு எத்தனை பெட்டி தூக்கிட்டு வரப்போறாங்கன்னு கணக்கு. இப்ப பம்பாய் கோவாவும் அதே ஆட்டம்தானே

ரேவதி அண்ணி: 2022ல சென்னைலேர்ந்து ஸ்டாலின் கொடியசைச்சு விட்டாரே அதானே

சுந்தர் சித்தப்பா: அதேதான். பாண்டிச்சேரில நிக்க அப்ப அனுமதி கிடைக்கல. 2023ல சென்னைலேர்ந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு

கார்த்தி: பழசுன்னா எஞ்சின் தாங்குமா

சுந்தர் சித்தப்பா: பராமரிப்பு இருந்தா தாங்கும், பயப்பட ஒண்ணுமில்ல. நான் இருந்த ஒரு பழைய பாசஞ்சர் கப்பல்ல ஒரே வால்வு மேல மூணு பாஷைல பேர் எழுதியிருக்கும், பித்தளை தகட்டுல இத்தாலியன், அது மேல ஒட்டினது கிரேக்கம், பக்கத்துலயே நம்மாளு ஒருத்தன் மார்க்கர்ல இங்கிலீஷ். மூணையும் நம்பாம பைப் எங்க போகுதுன்னு கையால தொட்டு பாத்துட்டுத்தான் திறப்போம்

சுந்தர் சித்தப்பா: தலையெழுத்துன்னா கர்னிகான்னு இன்னொரு கப்பலோட கதைதான். அதுவும் 1990, இத்தாலில கட்டினது, ரென்சோ பியானோன்னு பெரிய ஆர்க்கிடெக்ட் டிசைன். க்ரவுன் ப்ரின்சஸ், அரோசா ப்ளூ, ஐடா ப்ளூ, ஓஷன் வில்லேஜ் டூ, பசிபிக் ஜுவல்னு ஜெர்மனி இங்கிலாந்து ஆஸ்திரேலியா எல்லாம் உழைச்சிட்டு 2019ல ஜலேஷ் க்ரூஸஸ்னு பம்பாய் வந்துது. ஒரு வருஷம் ஓடல, கொரோனால கம்பெனி மூழ்கி 2020 நவம்பர்ல குஜராத்ல கப்பல் உடைக்கிற அலாங்ல கரையேத்திட்டாங்க. அந்த ஜலேஷ நடத்தின யூர்கன் பைலோம்தான் இப்ப கார்டிலியா நடத்துறாரு

கார்த்தி: விட மாட்டாரு போல

லலிதா அத்தை: என்ன காலைலேர்ந்து கப்பல் கப்பல்னு. சைவம் தனியா உண்டா அதுல

ரேவதி அண்ணி: ஜெயின் சாப்பாடே தனியா இருக்காம் அத்தை

லலிதா அத்தை: சரி. எங்கப்பா சிங்கப்பூர்லேர்ந்து சிதம்பரம் கப்பல்ல வந்தாங்க, அதெல்லாம் வெளிநாட்டான் ஓட்டி கழிச்சது இல்ல, நம்ம கப்பல்

சுந்தர் சித்தப்பா: அக்கா அதுவும் கை மாறினதுதான் 😀 1966ல பாஸ்தர்னு பிரெஞ்சுக்காரன் ஓட்டிட்டிருந்தான், 1972ல நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி சிதம்பரம்னு பேர் வச்சு மெட்ராஸ் சிங்கப்பூர் ரூட்ல விட்டுது. 80கள்ல தீப்பிடிச்சு அதோட முடிஞ்சுது

லலிதா அத்தை: இத்தனை வருஷமா சொல்லவே இல்லயே நீ

கார்த்தி: தாத்தா பிரெஞ்சு கப்பல்ல வந்து இறங்கினவரு, நம்ம குடும்ப கெத்தே வேற

லலிதா அத்தை: கெத்தா, வழி பூரா வாந்தி எடுத்துட்டு எலுமிச்சம்பழத்த மோந்துட்டே வந்தாரு