வாம் டென்ஸ் மேட்டர்: லேசர் இருக்க அயனி முடுக்கி எதற்கு?

குவார்க்கன்: திடப்பொருளின் அடர்த்தி, பத்தாயிரம் டிகிரி சூடு, இரண்டும் சேர்ந்தால் வாம் டென்ஸ் மேட்டர். வியாழனின் வயிற்றில் இருப்பது இதுதான். (இதற்குப் போய் ‘வெதுவெதுப்பு’ என்று பெயர்!) இதை ஆராய அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகம் 1.1 கோடி டாலரில் கட்டி 2012-ல் முடித்த என்டிசிஎக்ஸ்-2 அயனி முடுக்கி (மின்னேற்றம் பெற்ற அணுக்களை வேகமாக ஓட்டும் கருவி), லேசர் இருக்கும்போது வீண் செலவு என்பது என் கட்சி.

மாலதி: வீணா? லிவர்மோர் ஆய்வகத்தில் ஓய்வு கொடுத்த பழைய முடுக்கியின் பாகங்களை வைத்துக் கட்டியது சார் அது. அப்புறம், சூடேற்றவேண்டிய உலோகத் தகட்டில் சாதாரண லேசர் மேல்தோலைத்தான் சுடும். அடி கருகி மேலே மாவாக நிற்கும் தோசை கதைதான். அயனி உள்ளே புகுந்து, வேகம் குறையும்போது ஓரிடத்தில் ஆற்றலை அதிகமாகக் கொட்டும். அந்தப் பிராக் உச்சம் தகட்டின் நடுவில் விழும்படி வேகத்தை அமைத்தால் இருபக்கமும் ஏறக்குறைய ஒரே சூடு.

குவார்க்கன்: சூடு ஏறியதா, அதைச் சொல்லுங்கள். இலக்கு 1 எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 11,600 கெல்வின். லித்திய அயனியில் ஆரம்பித்து ஹீலிய அயனிக்கு மாறினார்கள். 2017-ல் வெளியான அளவீட்டில் தகட்டில் விழுந்த ஆற்றல் சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல்கூட இல்லை. நான்கு மைக்ரான் அலுமினியம் முழுதாக உருகவே அது காணாது.

மாலதி: அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் பொருள் நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் விரியும். மெல்லிய தகடு ஓரிரு நானோநொடியில் கலைந்துவிடும், அதற்குள் சுட்டு முடிக்கவேண்டும். அயனிகளோ ஒன்றையொன்று தள்ளும். வழியில் பிளாஸ்மாவை (எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த வாயு) நிரப்பி அந்தத் தள்ளலை அடக்கி, பின்னால் வருபவற்றுக்கு வேகம் கூட்டி முன்னால் போவதைப் பிடிக்கவைத்து, 2 நானோநொடிக்குச் சுருக்கிக் காட்டினார்களே!

பழைய மின்னான்: 2003-லேயே லேசரால் புரோட்டான் (அதுவும் ஹைட்ரஜன் அயனிதான்) கற்றை உண்டாக்கி அலுமினியத்தை 23 எலக்ட்ரான் வோல்ட் வரை ஏற்றியாயிற்று. லேசரா அயனியா என்ற சண்டையே எதற்கு?

மாலதி: அந்தப் புரோட்டான்கள் பல ஆற்றல்களில் கலந்து வரும். எங்கே எவ்வளவு விழுந்தது என்பது கணிப்புதான். அழுத்தம், அடர்த்தி, வெப்பநிலை மூன்றின் உறவைப் பிடிக்க உள்ளே போன ஆற்றல் துல்லியமாகத் தெரியவேண்டும். முடுக்கியில் அது தெரியும்.

குவார்க்கன்: அந்த வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் கட்டும் ஃபேர் முடுக்கிக்குப் பேசுங்கள். யுரேனிய அயனி மில்லிமீட்டர் கணக்கில் உள்ளே போகும். அதனால் பெரிய துண்டையே சுடலாம், அது கலைய நேரம் எடுக்கும், அயனித் துடிப்பு கொஞ்சம் நீண்டாலும் பாதகமில்லை. அதற்கு ஓட்டுப் போடுகிறேன். பெர்க்லிக்கு இல்லை.