மின்விசிறியை அணைத்த பிறகு கேட்டது

தோ பாயோவிலிருந்து:

ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்ட்டோ, அதாவது பெரிய வயலின் போன்ற செல்லோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது; செல்லோ ஜாக்குலின் டு ப்ரே, பதிவு 1965. இந்தத் தட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம். நான் சொல்ல வந்ததில் பாதி என் வீட்டு மின்விசிறியைப் பற்றியது.

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை 2017 ஜூலையில் மூடினார்கள். அதற்கு முந்தைய வருடம் ஒரு சனிக்கிழமை, தரையில் விரித்த நீலத் தார்ப்பாயில், ஓடாத கடிகாரங்களுக்கும் ஜோடி இல்லாத செருப்புகளுக்கும் நடுவில் இது கிடந்தது. உறையின் ஓரம் ஈரத்தில் அலையலையாக நெளிந்திருந்தது. எச்எம்வி நாய்ப் படம், ஏஎஸ்டி 655 என்ற எண். சீனத் தாத்தா 3 வெள்ளி (டாலர்) கேட்டார், கொடுத்துவிட்டேன். பேரம் பேசியிருந்தால் 2 வெள்ளிக்கு வந்திருக்கும் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

ஒரு பக்கம் கான்செர்ட்டோ. மறு பக்கம் ஜேனட் பேக்கர் பாடிய 'சீ பிக்சர்ஸ்', ஐந்து பாட்டுகள். வாசிப்பது லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா, அதை நடத்துபவர் பார்பிரோலி. டு ப்ரேவுக்கு அப்போது 20 வயது, பார்பிரோலிக்கு 65. அந்த மனிதருக்கும் இந்த இசைக்கும் பழைய உறவு உண்டு. 1919 அக்டோபரில் லண்டன் குவீன்ஸ் ஹாலில் இதை முதன்முதலாக வாசித்தபோது, செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த 19 வயதுப் பையன் அவர். ஒத்திகைக்குப் போதிய நேரம் கிடைக்காமல் அந்தக் கச்சேரி சொதப்பிவிட்டது. 46 வருடம் கழித்து அவரே நின்று நடத்துகிறார். தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, விசிறிக்கு வருகிறேன். தொடக்கத்தில் செல்லோ தனியாக நான்கு சுரக்கூட்டுகளை இழுக்கும், விறகு பிளப்பதுபோல. அது எந்த வீட்டிலும் கேட்கும். பிறகு கிளாரினெட் சுருக்கமாக ஒரு பதில் சொல்லும், செல்லோ தயங்கித் தயங்கி மேலே ஏறி நின்றுவிடும். அதன்பின் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் மட்டும், அடியில் தாங்கிப் பிடிக்க வேறு எந்த வாத்தியமும் இல்லாமல், முக்கிய மெட்டை எடுக்கும். எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு வருடம் முழுக்க என் வீட்டில் அந்த மெட்டு பாதியிலிருந்துதான் தொடங்கியது. முதல் சில சுரங்களைக் கூரை விசிறி தின்றுகொண்டிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

ஒருநாள் விசிறியின் ரெகுலேட்டர் போய்விட்டது. ஆள் மறுநாள்தான் வருவார். இரவு 11 மணி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்து புளோக் தெரியும் ஜன்னலையும் சாத்திவிட்டு, வேறு வேலை இல்லாமல் தட்டைப் போட்டேன். செல்லோ நின்றது. நின்ற இடத்தில் ஓர் அமைதி இருந்தது. காலியான அமைதி இல்லை, ஒரு பெரிய கூடத்தின் அமைதி. சுவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அந்த அமைதிக்குள்ளிருந்து வயோலாக்கள் வந்தன. வில் நரம்பில் பட்டு, ஒலி பிறப்பதற்கு முன்னால் வரும் அந்த 'ஸ்ஸ்' கூடக் கேட்டது. கழுத்து வியர்வை முதுகில் இறங்குகிறது, நான் துடைக்கவில்லை.

மறுநாள் கைப்பேசிச் செயலியில் அளந்து பார்த்தேன். விசிறி ஓடினால் 50 டெசிபெலுக்கு மேல், அணைத்தால் 40க்குக் கீழே. சிடியில் மிக மெதுவான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவில் 96 டெசிபெல் இடைவெளி இருக்கிறது என்று பெருமையாகப் பேசுகிறோம், அதில் அடிப்பகுதியை நாமே விசிறிக்குப் படையல் போட்டுவிடுகிறோம். ஸ்பீக்கர் கம்பிக்கு 400 வெள்ளி கொடுத்தவன் நான். அந்தக் கம்பி செய்யாததை ஒரு பழுதான ரெகுலேட்டர் செய்தது.

பின்னாளில் நரம்பு நோய் வந்து 28 வயதில் டு ப்ரே மேடையை விட்டார். அது தெரிந்து கேட்பதால்தான் உருக்கமாக இருக்கிறது என்பாள் மனைவி. இருக்கலாம். ஆனால் வயோலாக்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

செங்காங்கிலிருந்து:

அங்கிள், வயோலாவைப் பற்றி யாராவது நல்ல வார்த்தை சொன்னால் உடனே பதில் போட்டுவிட வேண்டும், எங்களுக்கு அடிக்கடி கிடைப்பதில்லை! பள்ளியில் இணைப்பாட நடவடிக்கைக்கு ஸ்டிரிங்ஸ், அதாவது நரம்பு வாத்தியம் எடுத்தேன். வயலினுக்கு ஆள் நிறைந்துவிட்டது என்று என் கையில் வயோலாவைத் திணித்தார்கள். அப்படித்தான் எல்லா வயோலாக்காரர்களும் உருவாகிறார்கள். அந்த மெட்டு 9/8 தாளத்தில் போகும், ஊஞ்சல் மாதிரி. சத்தமாக வாசிப்பது சுலபம். பத்துப் பேர் ஒரே நேரத்தில், ஒரே அளவு மெதுவாக, நடுக்கம் இல்லாமல் தொடங்குவதுதான் கஷ்டம். அந்தத் தட்டில் அதைச் செய்திருக்கிறார்கள்.

என் அனுபவம் கொஞ்சம் எதிர்த்திசையில். இந்தத் தட்டை நூறு முறையாவது கேட்ட பிறகு, அதே இசையை எஸ்பிளனேட் அரங்கில் நேரில் கேட்கப் போனேன். மேல்மாடியில் மலிவு டிக்கெட். முதல் நான்கு இழுப்பு முடிந்ததும் எனக்கு ஏமாற்றம். செல்லோ இவ்வளவு சின்னதா? தட்டில் அது என் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும். இங்கே தூரத்தில் யாரோ ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து மறுபடி தட்டைக் கேட்டபோதுதான் புரிந்தது. ஒலிப்பதிவு செய்தவர்கள் நமக்கு எந்த அரங்கிலும் கிடைக்காத நாற்காலி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். செல்லோவுக்குப் பக்கத்திலும் இருக்கிறோம், ஆர்கெஸ்ட்ராவுக்குச் சரியான தூரத்திலும் இருக்கிறோம். நேரில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

எஸ்பிளனேட்டைக் குறை சொல்லவில்லை. 2002இல் திறந்த அந்த அரங்கின் ஒலியமைப்பு ரஸ்ஸல் ஜான்சன் கைவேலை. மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம், சுற்றியுள்ள எதிரொலி அறைகளின் கனமான கதவுகளைத் திறந்து மூடலாம். ஆர்கெஸ்ட்ரா முழுசாக எழும்போது ஒலி தோள்மேல் வந்து உட்காரும். அது என் வீட்டு ஸ்பீக்கரில் நடக்காது.

பிடோக்கிலிருந்து:

நீங்கள் எல்லாரும் மெதுவானதைத் தேடுகிறீர்கள். என் கதை பீரங்கி.

டெலார்க் நிறுவனம் விட்ட, சைக்கோவ்ஸ்கியின் '1812' என்ற இசை, சின்சினாட்டி ஆர்கெஸ்ட்ரா, நடத்தியவர் எரிக் குன்ஸல். 1978இல் டிஜிட்டலில் பதிவு செய்து, அடுத்த வருடம் தட்டாக விட்டார்கள். நிஜப் பீரங்கி வெடிச்சத்தம். ஸ்பீக்கர் போய்விடும், ஜாக்கிரதை என்று உறையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். தட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், குண்டு வெடிக்கும் இடங்களில் பள்ளம் மட்டும் பாம்பு நெளிந்ததுபோல அகலமாக இருப்பது வெறுங்கண்ணுக்கே தெரியும்.

முதல் வெடியிலேயே ஊசி எகிறிக் குதித்து நாலு சுற்று தள்ளிப் போய் விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி குதித்தது. எடையைச் சரியாக அமைக்க வேண்டும் என்ற அறிவு அப்போது இல்லை. ஊசித் தலைமேல் 10 காசு நாணயத்தை ஒட்டினேன். அது குதிக்கவில்லை, உழுதது. தட்டும் போச்சு, ஊசியும் போச்சு. ஆனால் போவதற்கு முன் ஒரே ஒருமுறை எல்லாப் பீரங்கியும் ஒழுங்காக வெடித்தது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து கேஸ் சிலிண்டரைப் பார்த்தார், கீழ்வீட்டு மலாய்க்கார அண்ணன் மேலே வந்து கதவைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு இணையாக அதற்குப் பிறகு எந்த சிடியிலும் நான் கேட்கவில்லை. அழிந்து போனதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

கிளமெண்டியிலிருந்து:

தோ பாயோ அண்ணே, அந்த எல்கர் பதிவான இடம் லண்டன் கிங்ஸ்வே ஹால். அந்த அரங்கோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது.

என் வீடு கிளமெண்டியில் எம்ஆர்டி பாதைக்கு எதிரே. ரயில் போனால் அலமாரிக் கண்ணாடி அதிரும், பழகிவிட்டது. அதே அரங்கில் பதிவான டெக்கா நிறுவனத்தின் பழைய தட்டு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மெதுவான இடத்தில் அடியில் ஓர் உறுமல் வந்து, வளர்ந்து, தேய்ந்தது. ரயில்தான், அலட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் அதே இடத்தில் அதே ரயில். மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்தேன், நள்ளிரவு ஒன்றரை மணி. கடைசி ரயில் போய் வெகுநேரமாகிவிட்டது.

டர்ன்டேபிள் மோட்டாரைச் சந்தேகப்பட்டு எண்ணெய் போட்டேன், பெல்ட் மாற்றினேன். கடைசியில் அதே பதிவின் சிடியை இரவல் வாங்கி ஹெட்ஃபோனில் கேட்டால், அங்கேயும் உறுமல். அப்புறம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன், அந்த அரங்குக்கு அடியில் பிக்கடில்லி பாதைச் சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பதிவான பல தட்டுகளில் அது ஏறியிருக்கிறது. 1912இல் மெதடிஸ்ட் சபையார் கட்டிய கூடம், தரை வேறு சரிவாம். இருந்தும் இஎம்ஐ, டெக்கா ஆகிய தட்டு நிறுவனங்கள் இரண்டுமே 1984 வரைக்கும் அதை விடவில்லை. அந்தக் கூடத்தின் ஒலி அப்படி.

இப்போது அந்த இடம் வரும்போது காத்திருந்து கேட்கிறேன். லண்டனில் வேலை முடிந்து வீட்டுக்குப் போன யாரோ ஒருவர் என் வீட்டைக் கடந்து போகிறார்.

ஈசூனிலிருந்து:

நான் இளையராஜா ரசிகன், இந்தப் பக்கம் வந்ததே அவரால்தான். அவருடைய சிம்ஃபனி லண்டனில் அரங்கேறியது 2025 மார்ச் 8. ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஃபிரிட்ஸ் ரெய்னர் சிகாகோவில் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் எழுதிய 'சரதுஸ்ட்ரா' இசையைப் பதிவு செய்ததும் மார்ச் 8தான், 1954. ஸ்டீரியோ தட்டு கடைகளில் பரவலாக வருவதற்கு நாலு வருடம் முன்பே இரண்டு தடங்களில் பிடித்து வைத்தார்கள். ராஜா அப்போது பண்ணைப்புரத்தில் 10 வயதுப் பையன். இதில் பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை, எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன். அந்தத் தட்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 33 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் வரும். கிளமெண்டி அண்ணன் பயப்பட வேண்டாம், அது ஸ்ட்ராஸ் எழுதியது.

தோ பாயோவிலிருந்து:

கிளமெண்டித் தம்பி என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். இரண்டு இரவு விசிறியை அணைத்துவிட்டு எல்கருக்குள் ரயில் தேடினேன். கிடைக்கவில்லை. மேல்வீட்டில் குழாய் சொட்டுவது கிடைத்தது. ஒருமுறை ரயில் என்று துள்ளி எழுந்தேன், பார்த்தால் குளிர்சாதனப் பெட்டி. அதையும் அணைத்ததில் மீன் கெட்டுப்போய், வீட்டில் வேறு ஒரு கச்சேரி நடந்தது.

இதெல்லாம் தனியாகச் செய்யும் வேலை இல்லை. ஞாயிறு சாயங்காலம் முடிந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள். கிளமெண்டி, அந்த டெக்கா தட்டோடு வரவும். செங்காங் தங்கச்சி, வயோலாவையும் எடுத்து வாம்மா, அந்த மெட்டை நேரில் கேட்க வேண்டும். பிடோக் அண்ணன் நாணயம் எதுவும் இல்லாமல் வரலாம். தேநீரும் வடையும் உண்டு. ஆளுக்கொரு மாற்றுச் சட்டை எடுத்து வாருங்கள், விசிறி ஓடாது.