வண்டி ஏறிய இடத்தில் ஒளிரும் ஓரக்கோடு, ஏறாத இடத்தில் மங்குவது ஏன்?

கேள்வி: ஓரக்கோடு

வணக்கம். சாலைக் குறியீட்டுப் பணியில் இரண்டு ஆண்டுகளாகத் தள மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இருவழிச் சாலையில் எட்டுக் கிலோமீட்டர் தூரத்துக்கு, இருபுறமும் 10 சென்டிமீட்டர் அகலத்தில் தெர்மோபிளாஸ்டிக் (சூடாக்கி உருக்கி இடும், ஆறியதும் இறுகும் கலவை) ஓரக்கோடு இட்டோம். பகலில் நல்ல வெண்மையாக இருக்கும் கோடு, இரவில் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் இருக்கும் இடமே தெரிவதில்லை. ஆனால் ஊர்ச் சாலைகள் வந்து சேரும் இடங்களில், வண்டிகள் நாள்தோறும் ஏறி இறங்கும் துண்டுகள் மட்டும் நன்றாக ஒளிர்கின்றன. தேய்ந்த இடம் ஒளிர்ந்து, தேயாத இடம் மங்குவது எப்படி? இரவில் சைக்கிளில் போகிறவர்கள் அந்தக் கோட்டை நம்பித்தான் போகிறார்கள் என்பதால் மனம் உறுத்துகிறது.

மறுமொழி: தார்ச்சாலை

நீங்கள் கவனித்ததிலேயே விடை இருக்கிறது. தெர்மோபிளாஸ்டிக் கோட்டில், ஒளியைத் திருப்பி அனுப்பும் பொடி போன்ற கண்ணாடி மணிகள் இரண்டு வழிகளில் சேர்கின்றன. கலவையிலேயே எடையில் 30 முதல் 40 விழுக்காடு மணிகள் உண்டு, அவை 2.5 மில்லிமீட்டர் கனத்துக்குள் புதைந்திருப்பதால், மேற்பரப்பு தேய்ந்த பிறகுதான் வெளியே தலைகாட்டும். முதல் நாளிலிருந்தே கோடு ஒளிர வேண்டுமானால், சூடாக இருக்கும்போதே மேலே தனியாக மணி தூவ வேண்டும். சக்கரம் பட்டுத் தேய்ந்த இடத்தில் உள்மணிகள் வெளிவந்துவிட்டன. மற்ற இடங்களில் மேலே தூவிய மணிகள் விழவில்லை, அல்லது மூழ்கிவிட்டன, அல்லது உதிர்ந்துவிட்டன.

எது நடந்தது என்பதை ஒரு சிறிய லென்ஸ் சொல்லிவிடும். மணி தன் விட்டத்தில் பாதியோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ புதைந்திருக்க வேண்டும். மேலே தெரியும் பாதியின் வழியாக உள்ளே நுழையும் ஒளி வளைந்து குவிந்து, அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை நிறமியில் பட்டு, வந்த வழியே ஓட்டுநரின் கண்ணை நோக்கித் திரும்புகிறது. மஞ்சள் கோடு இரவிலும் மஞ்சளாகத் தெரிவது அந்த நிறமியால்தான். லென்ஸில் சிறு குழிகள் தெரிந்தால், கலவை ஆறிய பிறகு மணி விழுந்து, பிடிப்பில்லாமல் உதிர்ந்திருக்கிறது. மெல்லிய மேடுகள் தெரிந்தால், சூடு மிகுந்து மணிகள் மூழ்கியிருக்கின்றன. இரண்டுமின்றி வழவழப்பாக இருந்தால் மணி விழவே இல்லை.

மறுமொழி: கோட்டுவண்டி

தம்பி, லென்ஸுக்கு முன், மேலே தூவும் மணிகள் வந்த காலிச் சாக்குகளை எண்ணிப் பாருங்கள். நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்லும் அளவு சதுர மீட்டருக்கு 250 கிராம். உங்கள் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் கோடு 100 சதுர மீட்டர். ஆக, கிலோமீட்டருக்கு 25 கிலோ மூட்டை ஒன்று தீர வேண்டும். இருபுறமும் சேர்த்துப் பதினாறு மூட்டை. ஈரம் பட்ட மணிகள் கட்டிபிடித்துத் தூவும் பெட்டியின் வாயை அடைத்துக்கொள்ளும். வண்டி தள்ளுகிறவருக்கு முன்னால் கோடு விழுவதுதான் கண்ணில் படும், பின்னால் மணி விழாதது தெரியாது. எங்கள் குழுவில் அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் கூட நடப்பார்.

ஓரக்கோடு

ஐயா, அண்ணன், இருவருக்கும் நன்றி. பதிவேட்டில் ஆறு மூட்டைகள்தாம் இருக்கின்றன. லென்ஸில் பெரும்பாலான இடங்கள் வழவழப்பாகவே தெரிகின்றன. இப்போது மேலே மணி தூவிச் சரிசெய்ய முடியுமா? மழை இரவில் ஒளிரும் துண்டுகளும் மங்கிவிடுவது ஏன்?

மறுமொழி: தார்ச்சாலை

ஆறிய கோட்டில் தூவினால் ஒரு மணியும் ஒட்டாது. கோட்டைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, அதன்மேல் மெல்லிய தெர்மோபிளாஸ்டிக் படலம் இட்டு, உடனே மணி தூவுவதே வழி. ஓரிடத்தைச் செய்ததும், வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று கோட்டைப் பாருங்கள். மணிகள் சரியாக அமர்ந்திருந்தால் பகலிலேயே மினுங்கும். சாலையின் மறுமுனையை நோக்கியும் பாருங்கள். வண்டியை வேகமாகத் தள்ளினால் மணிகள் உருண்டு ஒரு பக்கம் கலவை அப்பிக்கொள்ளும்; அப்போது கோடு ஒரு திசையில் ஒளிர்ந்து எதிர்த்திசையில் மங்கும்.

மழையில் மணிகளை நீர்ப்படலம் மூடிவிடுகிறது. விளக்கொளி அந்த நீர்ப்பரப்பில் கண்ணாடியில் படுவதுபோல் பட்டு முன்னோக்கித் தெறித்துவிடுவதால் ஓட்டுநருக்குத் திரும்புவதில்லை. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும் பெரிய மணிகள், மேடுபள்ளமாக இடப்படும் கோடுகள் ஆகியவை படலத்துக்கு மேலே நிற்பதால் ஓரளவு தாங்கும். வளைவுகளிலாவது கோட்டை ஒட்டி, விளக்கொளியைத் திருப்பும் சாலைக் குமிழ்களும் பதிக்குமாறு எழுத்துமூலம் கேளுங்கள். படலம் இடும் வேலையை மழைக்காலம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். ஈரச் சாலையில் கலவையே பிடிக்காது.