எலி கால்ல சோடியம் டிஃப்யூஷன்: டூர்னிக்கே கட்டின அரை மணில ஏடிசி (சோடியம் எவ்ளோ வேகமா பரவுதுங்கற அளவு) இறங்குது, நம்பலாமா?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். மயக்கத்துல இருக்கற எலியோட பின்னங்கால்ல டூர்னிக்கே கட்டி ரத்த ஓட்டத்த நிறுத்திட்டு, தசைல சோடியம் எப்படிப் பரவுதுன்னு 9.4 டெஸ்லா எம்ஆர்ஐல அளந்துட்டு இருக்கேன். ரெண்டு சிக்கல். பக்கத்துல வெச்ச உப்புத்தண்ணி ட்யூப்லயே ஏடிசி 0.093 ஸ்கொயர் மைக்ரான் பெர் மில்லிசெகண்ட்தான் வருது, 25 டிகிரில 1.33 வரணும். அத விட்டாலும், கட்டின 30 நிமிஷத்துல தசையோட ஏடிசி 14 சதவீதம் இறங்குது, கிராஃப் அழகா இருக்குன்னு கைடுக்கு சந்தோஷம், எனக்குத்தான் மனசு ஒப்பல, ஏன்னா ஓய்வுல இருக்கற தசைல கிரியேட்டின் பாஸ்பேட் கையிருப்பு இருக்கற வரைக்கும் ஏடிபி (செல்லோட எரிபொருள்) விழாது, சோடியத்த வெளிய தள்ற பம்ப் நிக்காது, அப்புறம் எப்படி இவ்ளோ சீக்கிரம் சோடியம் செல்லுக்குள்ள ஏறி ஏடிசிய இறக்கும்? நாலு எலி போயிடுச்சு, அஞ்சாவத தொட பயமா இருக்கு.

பதில் 1:
தம்பி, ட்யூப் சரியாத்தான் இருக்கு. சாஃப்ட்வேர் பி வேல்யூவ (ஸ்கேன் டிஃப்யூஷனுக்கு எவ்ளோ அழுத்தம் குடுக்குதுங்கற எண்) ப்ரோட்டான் காமா (காந்தப்புலத்துல அணுக்கரு சுத்தற வேகத்த சொல்ற எண்) வெச்சுப் போட்டிருக்கும். ப்ரோட்டானுக்கு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், சோடியத்துக்கு 11.26, அதாவது 3.78 மடங்கு வித்தியாசம், பி-ல காமா ஸ்கொயரா வரதால 14.3 மடங்கு. 0.093-அ 14.3-ஆல பெருக்கிப் பாருங்க, 1.33 வந்து நிக்கும். நீங்க 10,000னு நெனச்ச பி நெசத்துல 700. பழைய டேட்டா எல்லாத்தையும் இப்படியே திருத்திக்கலாம்.

பதில் 2:
அந்த 14 சதவீதம் இதால சரியாகாது, எல்லா அளவையும் ஒரே எண்ணால பெருக்கினா விகிதம் மாறாதே. கால் சூட்ட அளந்தீங்களா? ரத்தம் நின்னா கால் ஜில்லுனு ஆயிடும், சூடு ஒரு டிகிரி குறைஞ்சா டிஃப்யூஷன் ரெண்டு சதவீதத்துக்கு மேல குறையும். எங்க லேப்லயும் இதுல ஏமாந்திருக்கோம். எக்கோ டைம் (சிக்னல தூண்டினதுலேர்ந்து அத படிக்கற வரைக்கும் ஆகற நேரம்) என்ன வெச்சிருக்கீங்க? செல்லுக்குள்ள இருக்கற சோடியத்துல பெரும்பங்கு சில மில்லிசெகண்ட்லயே மங்கிடும், நீளமா வெச்சீங்கன்னா நீங்க தேடற சோடியமே சிக்னல்ல இருக்காது.

கேள்வி கேட்டவர்:
அக்கா, ரொம்ப நன்றி. மலக்குடல் ப்ரோப் 37னு காட்டிட்டே இருந்ததால காலப் பத்தி யோசிக்கவே இல்ல. வெளிய எடுக்கும்போது கிளவுஸ் வழியாவே பாதம் சில்லுனு இருந்தது இப்பத்தான் ஞாபகம் வருது. எக்கோ டைம் 22 மில்லிசெகண்ட். இன்னைக்கு தசைமேல ஃபைபர் ஆப்டிக் தெர்மாமீட்டர் ஒட்டிப் பாத்தேன், 34லேர்ந்து 28க்குப் போகுது. ஆறு டிகிரி, கணக்கு அப்படியே ஒத்துப்போகுது.

பதில் 2:
கால சுத்தி வெந்நீர் குழாய் ஓட்டி 34லயே நிறுத்துங்க, கட்டாத மறு காலையும் அதே ஸ்கேன்ல எடுங்க. ஸ்டிமுலேட்டட் எக்கோ (சிக்னல நடுவுல கொஞ்ச நேரம் சேமிச்சு வெச்சுப் படிக்கற முறை) போட்டா எக்கோ டைம் சுருங்கும், ஆனா சோடியத்தோட டி1 (சேமிச்ச சிக்னல் கரையற நேரம்) முப்பது நாப்பது மில்லிசெகண்ட்தான், மிக்ஸிங் டைம, அதாவது சேமிச்சு வெக்கற நேரத்த, நீட்டாதீங்க.

கேள்வி கேட்டவர்:
குழாய் போட்டு அஞ்சாவது எலி முடிச்சேன். முதல் அரை மணில கிராஃப் அசையவே இல்ல. பழைய நாலுக்கும் கால் சூடு தெரியாததால அத பேப்பர்ல சேர்க்கலன்னு கைடுகிட்ட சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாரு. நாளைக்கு ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஓட்டறேன்.